உஷாராணி உட்கார்ந்த சுற்று

அம்மாபேட்டை உஷாராணிக்கு ஒரு நாளில் தனக்கென்று இருந்தது மாலை நேரத்து விளையாட்டு ஒன்றுதான். மற்ற நேரமெல்லாம் விசைத்தறிக்கும் அடுப்புக்கும் போய்விடும். அவளுடைய வீட்டில் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கமே தறிக்கூடம். கரண்ட் இருக்கும்வரை சத்தம் ஓயாது. கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து தார்க்குச்சியில் நூல் சுற்றி, அறுந்தால் முடிச்சுப் போட்டு, இடையில் குழம்பையும் கிளறிக்கொண்டிருப்பவள். அலுப்பு என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குத்தான் பார்க்கும்போதெல்லாம் அலுப்பாக வரும்.

நான் ரஞ்சனி. நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸில் நாள் முழுக்கப் போன் எடுக்கிறேன். டிரைவர்களின் கத்தலும் சரக்குக்காரர்களின் கத்தலும் கேட்டுக் கேட்டு, சாயங்காலம் மனிதக் குரலே வேண்டாம் என்றிருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் எங்கள் வாட்ஸ்அப் குரூப் விழித்துக்கொள்ளும். பள்ளித் தோழிகள் நான்கு பேர்: நான், உஷா, மேச்சேரியில் தையல் கடை வைத்திருக்கும் சித்ரா, திருப்பூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அகல்யா. நாளுக்கு ஓர் எழுத்து. அன்றைக்கு முறை உள்ளவள் ஒரு பழைய சினிமாப் பாட்டின் ஆரம்ப இசையைத் துளி வெட்டி அனுப்புவாள். பாட்டு அந்த எழுத்தில்தான் தொடங்கும். அ முதல் ஓ வரை போனால் ஒரு சுற்று. ஔவுக்குப் பாட்டுத் தேடி மண்டை காய்ந்துபோனதால் அதற்கு நிரந்தர லீவு கொடுத்துவிட்டோம்.

உஷாதான் எங்களில் புலி. பள்ளியில் சினிமாப் பாட்டுகளின் புல்லாங்குழல் பகுதியை அப்படியே சீட்டியடித்துக் காட்டி டீச்சரிடம் திட்டு வாங்கியவள். எங்களுக்கு ஆடியோ டவுன்லோடு ஆகிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய பதில் வந்து உட்கார்ந்திருக்கும். அகல்யா ஒருமுறை ஏதோ ஆப்பில் பாட்டைக் கண்டுபிடித்துப் போட, உஷாவுக்கு வந்த கோபத்தில் ஒரு சட்டமே போட்டாள். ஒரு சுற்றில் ஒரு பாட்டுகூட ஒழுங்காகப் பிடிக்காதவள் அடுத்த சுற்று முழுக்கப் பதில் சொல்லக் கூடாது. உட்கார்ந்து கேள்வி மட்டும் போட வேண்டும். அந்தச் சட்டம் யார் மீதும் பாயாமல் கிடந்தது.

இந்தக் கோடையில் அவள் பிந்த ஆரம்பித்தாள். "இதுல சத்தமே இல்லையேடி, திருப்பி அனுப்பு" என்பாள். அனுப்பினால், "இப்பவும் இல்ல." போன் கெட்டுவிட்டது என்று புதுப் போன் வாங்கினாள். அதிலும் சத்தமில்லை.

"மகாராணிக்கு நம்ம கூட விளையாட இப்பெல்லாம் புடிக்கறதில்ல" என்று சித்ரா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்கு வேறு ஒன்று உறுத்தியது. தபேலாவில் தொடங்கும் பாட்டுகளை மட்டும் உஷா பழையபடி பட்டென்று பிடித்தாள். குழலும் வயலினும் வந்தால்தான் 'சத்தமில்லை'.

ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய், அவளையும் அவள் வீட்டுக்காரர் குமரகுருவையும் ஒரு காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் எதிரில் உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் உஷா டாண் டாணென்று பதில் சொன்னாள்.

"ஊட்டுல நல்லாத்தானுங்க பேசறா" என்றார் குமரகுரு. "நாம ஒண்ணு சொன்னா ரெண்டா திருப்பித் தர்றாளுங்க."

டாக்டர் எழுந்து அவளுக்குப் பின்னால் போய் நின்று, "இன்னைக்கு என்னம்மா சமையல்?" என்றார். உஷா திரும்பவில்லை. காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். குமரகுருவின் முகம் செத்துப்போனது. தறிச் சத்தத்தில் பேச்சு எங்கே கேட்கும்? உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் அந்த வீட்டில் எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். சோறு போடட்டுமா என்பதும் சண்டையும் சமாதானமும் எல்லாம் அப்படித்தான். அவளுக்குக் காது மங்கியது அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கே தெரியவில்லை.

உஷா கேட்டது ஒன்றே ஒன்று. "பாட்டுக் கேக்குமுங்களா?"

மெஷின் வைத்தால் பேச்சு ஓரளவு தெளியும், மெல்லிய உச்சத்துச் சத்தங்கள் பழையபடி வரும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவளுங்க கிட்ட சொல்லிப்போடாத. பாவம்னு ஈசியா போடுவாளுங்க. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான் ரஞ்சனி. அதுலயும் பிச்சை வேண்டாம்."

அந்தச் சுற்று அவளுக்கு ஆகாத சுற்று. சித்ராவும் அகல்யாவும் ஒன்றும் தெரியாமல் வீணையும் குழலுமாகவே போட்டுத் தள்ளினார்கள். ஓ வந்தபோது அவள் கணக்கில் ஒரு பாட்டுகூட இல்லை. ஓவுக்குக் கேள்வி போடும் முறை எனக்கு. நல்ல குழல் பாட்டு ஒன்று எடுத்து வைத்திருந்தேன். மனசு கேட்கவில்லை. அதைத் தள்ளிவிட்டு, மேளம் அதிர வரும் ஒன்றை வெட்டி அனுப்பினேன்.

உஷாவுக்கு அது ஒரு நொடி வேலை. ஆனால் பதில் குரூப்பில் வரவில்லை. போனில் கூப்பிட்டாள். "ஏண்டி, பாவம் பாத்துத்தானே போட்ட?" நான் என்னவோ மழுப்பினேன். அவளுக்குக் கேட்டிருக்காது. பாதியில் வைத்துவிட்டாள். அப்புறம் குரூப்பில் குரல் பதிவு அனுப்பினாள். "எனக்குக் காது போயிருச்சு. சட்டம் போட்டவ நான்தான். அடுத்த சுத்து நான் ஒக்காந்துக்கறேன்."

சித்ரா அழுதாள். அகல்யா சட்டத்தை எடுத்துவிடலாம் என்று எழுதினாள்.

மறுநாள் அ. உஷாவின் கேள்வி வந்தது. கேட்காத இசையை வெட்ட முடியாதல்லவா? அவளே சீட்டியடித்து அனுப்பியிருந்தாள். தறியை நிறுத்திவிட்டிருக்கிறாள் போலும், பின்னால் அந்த வீட்டில் நான் கேட்டேயிராத அமைதி. நீளமான குழல் பகுதி அது. மேலே ஏறும் இடத்தில் சுருதி எங்கேயோ போய்விட்டது. எங்கே போனது என்று அவளுக்குத் தெரியாததால் அதைத் திருப்பிக் கொண்டுவரவும் இல்லை. நான் ஆபீஸ் மாடிப்படியில் நின்று மறுபடி மறுபடி கேட்டேன். எந்தப் பாட்டென்றே பிடிபடவில்லை.

நாங்கள் மூன்று பேரும் மூன்று பாட்டுச் சொன்னோம்.

"மூணும் தப்பு!" என்று உஷாவின் குரல் வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அதில் பழைய புலி இருந்தது. சிரிப்பு கூட இருந்தது. பின்னாலேயே இன்னொன்று வந்தது, குரல் தணிந்து.

"நல்லாத்தானே அடிச்சேன்?"

குரூப்பில் மூன்று பேரும் ஆன்லைனில் இருந்தோம். கடைசியில் நான்தான் எழுதினேன், குரலில் சொன்னால், அவளுக்காகக் கேட்டுச் சொல்லும் குமரகுருவுக்கு அது நடுங்குவது தெரிந்துவிடும் என்று.

"அப்படியே இருந்துச்சுடி. எங்களுக்குத்தான் புடிபடல."