கடைசியாக வந்த கார்

பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் பெரிய கொப்பரையில் மிசோ சூப் கிளறும் சயகா இமாய்சுமிக்கு நாற்பத்தாறு வயதில், காரைச் சறுக்கவிட்டு ஓட்டும் டிரிஃப்ட் பித்துப் பிடித்தது. ஃபுகுஷிமா மலைப்பக்கத்தில் இது புதிதல்ல. ஆனால் பிடிப்பது இளவட்டங்களுக்கு. இவளுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று அக்கம்பக்கம் முணுமுணுத்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நனைத்த தரையில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துப் பழகினாள். தலை சுற்றி வாந்தி எடுத்த நாளும் உண்டு.

டயர் கடை வைத்திருக்கும் தெட்சுஜி ஒரிகாசா தன் அணியில் அவளைச் சேர்த்துக்கொண்டபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அணிப் போட்டியில் மூன்று கார்கள் ஒன்றை ஒன்று உரசுகிற நெருக்கத்தில், பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே வளைவைக் கடக்க வேண்டும். அழகுக்கும் மதிப்பெண் உண்டு. அழகு என்றால் அங்கே தரையோடு தரையாகத் தாழ்ந்த கார்தான். அவள் உயரம் மாற்றக்கூடிய புது ஷாக் அப்சார்பர்களைப் பொருத்தியதும், மற்ற இரண்டு கார்களின் மட்டத்துக்கு ஒரிகாசாவே இறக்கிக் கொடுத்தான்.

அன்று பிடித்தது சனி. போட்டித் தளத்தின் மதிலோர வளைவில் ஒரு சின்னப் பள்ளம். அதில் இறங்கினால் கார் துள்ளி மதில் பக்கம் திரும்பியது. பயத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறாள் என்றார்கள். அவளும் நம்பினாள், தன் கால் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. போட்டிக்கு முந்தைய நாள் சக்கரத்தைக் கழற்றியபோதுதான் ஷாக்கின் தடுப்பு ரப்பர் நசுங்கிக் கிழிந்திருப்பதைப் பார்த்தாள். அவ்வளவு தாழ்வில் ஸ்பிரிங் அமுங்க இடமே இல்லை. பள்ளத்தில் டயர் தரையை விட்டு எழும்புகிறது. குற்றம் காலில் இல்லை. அப்போதே காரை இரண்டு விரற்கடை உயர்த்தினாள்.

காலையில் அதைப் பார்த்த ஒரிகாசாவின் முகம் சுண்டிப்போனது.

"என்னக்கா இது, காய்கறி வண்டி மாதிரி நிக்குது?"

"உங்க காரையும் கொஞ்சம் தூக்கிருங்க. வேகமா போனா அந்தப் பள்ளத்துல அடி வாங்கும்."

"எனக்கே சொல்றீங்களா? நடுவுல வராதீங்க, கடைசில வாங்க. இன்னிக்கு உங்களால மார்க்கு போச்சுன்னா அடுத்த போட்டிக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

அவளுக்கு அழுகை முட்டியது. இறக்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினாள்.

முன்னால் அணியின் இன்னொரு ஆளான கென்மோச்சி, நடுவில் ஒரிகாசா, கடைசியில் அவள். அழகில் போகும் மதிப்பெண்ணை வேகத்தில் பிடிக்க நினைத்தானோ என்னவோ, ஒரிகாசா இதுவரை போகாத வேகத்தில் வளைவுக்குள் பாய்ந்தான். பள்ளத்தில் அவன் கார் துள்ளியது, சுழன்றது, வழியை மறித்து நின்றது. அவன் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவு நேராக அவளை நோக்கி இருந்தது.

அவள் காரும் பள்ளத்தில் இறங்கியது; அமுங்கி எழுந்தது; டயர் தரையை விடவில்லை. பிரேக்கை மிதித்தால் நேராக அந்தக் கதவுக்குள்தான். அவள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. இன்னும் அழுத்தி, காரின் மூக்கை உள்பக்கம் திருப்பினாள். கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண்கள் தெரிந்தன. அவள் காரின் பின்பகுதி அவன் விளக்கைத் தொடாமல் கடந்துபோனது.

அணிக்கு மதிப்பெண் பூஜ்யம். ஒரிகாசா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நடந்து வந்து அவள் ஜன்னலருகே தலை குனிந்து நின்றான்.

"அக்கா, அடுத்த போட்டில நீங்க முன்னாடி போங்க."

அவள் எஞ்சினை அணைத்துவிட்டு நிமிர்ந்தாள். கோபம் இன்னும் ஆறவில்லை.

"மொதல்ல காரத் தூக்குங்க. தூக்குனாதான் நான் உங்க கூட வருவேன்."