கிறுகாத, மச்சான்!

சூறாவளி அடித்த மறு வருடம், அதாவது 1979இல், வேலை மாற்றம் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போனேன். ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. மூன்று அக்காமாருக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டி என்பதால் வீட்டில் ஒரே அழுகை. பெட்டி நிறையப் பனம்பழப் பினாட்டும் எள்ளுருண்டையும் அடைத்து, ஏதோ கப்பலேறிப் போகிறவனை வழியனுப்புவதுபோல பஸ் ஏற்றிவிட்டார்கள்.

போய் இறங்கியபோது தென்னைகள் பாதி இன்னும் தலையில்லாமல் நின்றன. ஆனால் ஊருக்கு அழுதுகொண்டிருக்க நேரமில்லை. விடிய எழும்பினால் உழவு மெசின் சத்தம், கடைத்தெருவில் பேரம், பள்ளிவாசல் பாங்கு, பக்கத்து ஆலையடிவேம்பிலிருந்து கோயில் மணி. எனக்கு அந்த ஊரை முதல் கிழமையிலேயே பிடித்துவிட்டது. ஒரே ஒரு தொல்லைதான். அவர்கள் கதைப்பதும் தமிழ், நான் கதைப்பதும் தமிழ், இருந்தாலும் நடுவில் சில சொற்கள் எனக்குப் பிடிபடாது. 'மறுகா' என்றால் பிறகு என்று விளங்கிக்கொள்ளவே சில நாட்கள் போயின. விளங்கவில்லை என்று கேட்கவும் வெட்கம். தலையை ஆட்டிச் சமாளித்துவிடுவேன்.

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரன் அந்த ஊர் முஸ்லிம் பையன், என் வயதுதான். முதல் நாளே என்னை 'மச்சான்' என்றான். அதற்குப் பிறகு என் பெயரை அவன் வாயால் நான் கேட்டதேயில்லை. அவனுக்கு ஒரு பைத்தியம் இருந்தது, மலை ஏறுவது. மேற்கே சாகாமம் பக்கமாகப் போனால் வயலும் காடும் சேருகிற இடங்களில் மொட்டைக் கருங்கல் மலைகள் எழும்பி நிற்கும். லீவு கிடைத்தால் போதும், கூட்டாளிமாரைச் சேர்த்துக்கொண்டு ஏதாவது ஒரு மலையில் ஏறி, உச்சியில் இருந்து பீடி குடித்து, ஊர்க்கதை கதைத்துவிட்டு இறங்குவான். கயிறும் கிடையாது, கம்பும் கிடையாது. எல்லாம் வெறுங்கால்தான்.

நானோ மலையே பார்க்காதவன். எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கு மலை என்றால் என்னவென்று காட்டப் பாடப்புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும். அதனால் "வாறியா மச்சான்?" என்று அவன் கேட்டபோது முந்திரிக்கொட்டை மாதிரி "ஓம்" என்றுவிட்டேன்.

அது வேளாண்மை வெட்டுக் காலம், ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாள். அவனுடைய மச்சான், அக்காவின் கணவர், சாகாமத்து வயலில் அறுவடை செய்துகொண்டிருந்தார். வெட்டுக்காரர்களுடன் உழவு மெசினின் பெட்டியில் ஏறி அவனும் கூட்டாளிமாரும் நானும் போனோம். வயலோரத்தில் ஓலையால் வேய்ந்த வாடி. அதற்குள் பெண்கள் வெட்டுக்காரர்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்ப்பது முறையில்லை என்று நான் அந்தப் பக்கம் போகவில்லை. வாடிக்குப் பின்னாலேயே மலை நின்றது.

"சப்பாத்தக் கழத்து மச்சான், வழுக்கும்" என்றான் என் மேசைக் கூட்டாளி. அது புதுச் சப்பாத்து, தோல் அடி. முதல் சம்பளத்தில் வாங்கியது. வயலோரத்தில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. போட்டுக்கொண்டே ஏறினேன்.

ஏறுவது ஒன்றும் பெரிய காரியமாக இருக்கவில்லை. நாங்கள் சுற்றிப் போய் ஏறிய பக்கம் சரிவு குறைவு. உச்சியில் போய் நின்றேன். கீழே குளம் மினுங்கிக்கொண்டு கிடந்தது. வெட்டின வயலும் வெட்டாத வயலுமாக ஒரே மஞ்சள். தூரத்தில் திருக்கோவில் பக்கமாகக் கடல் ஒரு நீலக் கோடாகத் தெரிந்தது. காற்று சட்டைக்குள் புகுந்து ஊதியது. அம்மாவும் அக்காமாரும் இதைப் பார்க்க வேண்டுமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அன்றைக்கு நான் நின்ற உயரத்தில் பிறகு எத்தனையோ கட்டடங்களில் நின்றிருக்கிறேன், அந்தச் சந்தோஷம் திரும்பி வரவேயில்லை.

இறங்குவது மற்றப் பக்கத்தால். வாடிக்கு அதுதான் குறுக்கு வழியாம். அந்தப் பக்கம் கல் செங்குத்தாக இறங்கியது. முகத்தைக் கல்லுக்குக் கொடுத்து, தவழ்வதுபோலப் பின்பக்கமாகக் கால்வைத்து இறங்க வேண்டும். கூட்டாளி முன்னால் இறங்கிக் காட்டினான். மற்றவர்களும் பல்லி மாதிரி இறங்கிப் போய்விட்டார்கள். கடைசி ஆளாக நான். பாதி தூரம் நல்லபடியாக வந்துவிட்டேன். அப்போது கீழேயிருந்து அவன் கத்தினான்.

"கிறுகாத மச்சான்! கிறுகாத!"

எனக்குத் தெரிந்ததெல்லாம் தலை கிறுகிறுப்பதுதான். உயரத்தைக் கண்டு எனக்குத் தலை சுற்றுகிறது என்று இவன் நினைக்கிறான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ரோஷம் வந்துவிட்டது. "எனக்குத் தலை ஒண்டும் கிறுகிறுக்கேல்லை!" என்று சொல்வதற்காக, முழு உடம்போடும் அவன் பக்கம் திரும்பினேன்.

கிறுகாதே என்றால் திரும்பாதே என்று அர்த்தம்.

தோல் சப்பாத்து கல்லில் நிற்கவில்லை. முதுகு உரஞ்ச உரஞ்சச் சறுக்கிக்கொண்டு போய், கல்லில் தட்டுப்போலக் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்த ஓர் இடத்தில் குந்தியபடி மாட்டிக்கொண்டேன். ஒரு சப்பாத்து கழன்று போய்விட்டது. அது கீழே விழுந்த சத்தம் உடனே கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் கேட்டது. அந்த இடைவெளியில்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

மேலே ஏறவும் முடியாது, கீழே இறங்கவும் முடியாது. திரும்பவும் முடியாது. கை பின்னால் கல்லை அழுத்திக்கொண்டிருக்க, கால் என் சொல்லைக் கேளாமல் தானாக ஆடியது. கீழே வெட்டுக்காரர்கள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்து நின்றார்கள். ஒருவர் "இடக்கால வைங்க கிளாக்கர்" என்றார். இன்னொருவர் "இல்ல, வலக்கால்" என்றார். மூன்றாமவர் "அசையாதீங்க" என்றார். எனக்கு அழுகை வந்தது.

கூட்டாளி திரும்ப ஏறி வந்து என் காலடியில் நின்று, என் கணுக்காலைப் பிடித்து ஒரு வெடிப்பில் வைக்கப் பார்த்தான். காலை இழுக்கிறான் என்று நினைத்து நான் உதைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, பயம் செய்தது. அவன் ஒரு செடியைப் பிடித்துத் தப்பினான், இல்லாவிட்டால் அவனும் போயிருப்பான். கீழே இறங்கி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அவன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஆம்புள ஆர் போனாலும் உதைக்கான். தாத்தாவக் கூட்டிக்கு வாங்கடா!"

என் நெஞ்சு விட்டுப்போயிற்று. எங்கள் வீட்டில் அம்மாவின் தகப்பனைத்தான் தாத்தா என்போம். இளந்தாரிகளாலேயே முடியாத இடத்துக்கு ஒரு கிழவரை ஏற்றப் போகிறார்களா? அந்த மனிதர் பொல்லை ஊன்றிக்கொண்டு வருவதையும், நான் உதைப்பதையும், இரண்டு பேரும் ஒன்றாக விழுவதையும் கண்ணுக்குள் கண்டேன். என் சாவோடு ஒரு கிழவரின் சாவும் சேரப்போகிறதே என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"எல்லாரும் வாய மூடுங்க!" என்று ஒரு பெண் குரல் கேட்டது. கீழே சத்தம் நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்தேன். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். சேலையை வரிந்து கட்டி, முக்காட்டைத் தலையோடு இறுக முடிந்துகொண்டு, ஒரு பெண் கல்லைப் பிடித்துப் பிடித்து என்னை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தார். கீழே அவருடைய கணவர் "புள்ளக்காரி நீ, இறங்கு!" என்று கெஞ்சுகிற குரல் கேட்டது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள் என்பது எனக்கு அந்தக் கல்லின் மேல்தான் தெரியவந்தது.

என் காலுக்குக் கீழே வந்து நின்றுகொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கதைப்பதுபோலக் கேட்டார். "தம்பிக்கு அக்கா இருக்கா?"

"மூண்டு பேர்."

"வீட்டில உங்கள என்னெண்டு கூப்புடுவாங்க?"

அந்த நிலையில் எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொன்னேன். அது இங்கே வேண்டாம். கீழே நின்ற எல்லோருக்கும் அது கேட்டுவிட்டது. நான் அந்த ஊரை விட்டுப் போகும்வரை சந்தையில்கூட அந்தப் பெயரால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

"சரி. அங்கால இங்கால பாக்காதீங்க, என்னப் பாருங்க. மற்றச் சப்பாத்தையும் கழத்திப் போடுங்க. ஓம், அப்புடித்தான். இப்ப பையக் கிறுகுங்க."

"கிறுகுறதெண்டால் என்ன?" என்று கேட்டேன்.

கீழே யாரோ சிரித்தார்கள். அது பரவி முழு வயலும் சிரித்தது. கூட்டாளி தலையில் அடித்துக்கொண்டு குந்திவிட்டான். அவரும் கல்லில் நெற்றியை வைத்துச் சிரித்தார். கடைசியில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் கால் ஆடுவது நின்றது. அதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. மெல்ல மெல்ல உடம்பைத் திருப்பி முகத்தைக் கல்லுக்குக் கொடுத்தேன்.

ஆனால் கீழே கால் வைக்கப் பிடிமானம் இல்லை. வழவழவென்ற கல். "தம்பி, நான் கைய வெச்சிருக்கன். அதில மிதிச்சு இறங்குங்க" என்றார். தோளிடுக்கால் குனிந்து பார்த்தேன். ஒரு கையால் வெடிப்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையைக் கல்லில் விரித்து வைத்திருந்தார். என் கால் இறங்கவில்லை. புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றி வளர்ந்தவன் நான். அக்கா முறையான ஒருவரின் கையை எப்படி மிதிப்பது?

"ஏலாது அக்கா" என்றேன்.

"என்ட புள்ளயள் என்ட நெஞ்சில மிதிச்சு நடக்கப் பழகினதுகள். உங்கட கால் மட்டும் என்ன வேற காலா? பிஸ்மி சொல்லித்தான் வெச்சிருக்கன். மிதிங்க தம்பி."

மிதித்தேன். என் முழுப் பாரமும் அந்தக் கையில் இறங்கியது. கை அசையவில்லை. மற்றக் காலுக்கு ஒரு வெடிப்புக் கிடைத்ததும் அவர் ஓர் எட்டுக் கீழே போய் மறுபடியும் கையை விரித்தார். மறுபடியும் மிதித்தேன். இப்படியே கை, கால், கை, கால் என்று இறங்கி வந்தோம். வயல் மண் காலில் பட்டதும் நான் அதில் அப்படியே படுத்துவிட்டேன்.

நான்தான் பயந்தேன் என்று நினைத்தால், அவர் வரம்பில் குந்தி நடுநடுங்கிக்கொண்டிருந்தார். கணவர் ஏசிக்கொண்டே செம்பில் தண்ணீர் கொடுத்தார். "தாத்தா நெல் பரணில ஏறவே பயப்புடுவா. இந்த மலையில ஒரு நாளும் கால் வெச்சதில்ல" என்றான் கூட்டாளி. ஆண்களைக் கண்டால் உதைக்கிற எனக்கு, பெண்ணை உதைக்க மனம் வராது என்ற ஒரே கணக்கில்தான் அவரைக் கூப்பிட்டிருக்கிறான். அவரும் அந்த ஒரே கணக்கை நம்பித்தான் ஏறியிருக்கிறார்.

மதியம் வாடியில் சாப்பாடு. பெரிய சஹனில் சோற்றைக் கொட்டி, சுற்றியிருந்து எல்லோரும் ஒரே தட்டில் கைவைத்தோம். குளத்து மீன் ஆணம், கத்தரிக்காய்ப் பால்கறி. உயிர் பிழைத்தவனின் பசி எனக்கு. வாரி வாரிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தற்செயலாக வாடிக்குள் பார்த்துவிட்டேன். தாத்தாவின் வலது கையில் பழைய சாரன் துணி சுற்றியிருந்தது. துணியில் இரத்தம் ஊறியிருந்தது. கருங்கல்லுக்கும் என் பாரத்துக்கும் நடுவில் உள்ளங்கைத் தோல் உரிந்து போயிருந்தது. கணவர் முன்னால் இருந்து, சோற்றைப் பிசைந்து, மீனில் முள் எடுத்து, அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அத்தனை ஆட்கள் இருக்கிற இடத்தில், அந்தக் காலத்தில், ஒரு கணவன் மனைவிக்கு ஊட்டுவது நடக்காத காரியம். வாய்க்கு வாய் பகிடி விடுகிற வெட்டுக்காரர்களில் ஒருவர்கூட அதைப் பார்த்து ஒரு பகிடி விடவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்து, "தின்னுங்க தம்பி, தாத்தாக்கு ஒண்டுமில்ல" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அவர் நான்காவது அக்கா. நோன்பு மாதத்தில் கஞ்சி வரும், பெருநாளுக்கு வட்டிலப்பம் வரும். எண்பதுகளின் நடுவில் எனக்கு ஊருக்கே திரும்பவும் மாற்றம் வந்தது. காலம் கெட்டுக்கொண்டிருந்தது. தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் நடுவில் நேற்றுவரை ஒன்றாகத் தேத்தண்ணி குடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் குரலைத் தாழ்த்தத் தொடங்கியிருந்தார்கள். போகிற அன்று தாத்தா வாசலுக்கு வந்து நின்றார்.

"அங்க போய் மலை ஏறாதீங்க தம்பி."

"எங்கட ஊரில மலையே இல்லை தாத்தா."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார். சிரித்துக்கொண்டே அழுதோம். பிறகு பாதைகள் அடைபட்டன, அந்தப் பக்கம் போகக் கிடைக்கவேயில்லை. கூட்டாளி வெளிநாடு போய்விட்டான் என்று மட்டும் யாரோ சொன்னார்கள்.

இப்போதும் யாராவது இக்கட்டில் நின்றால், மேலே நின்றபடி கையை நீட்டத்தான் எனக்கு முதலில் மனம் வருகிறது. அந்த நேரத்தில் எல்லாம், தான் நடுங்கிக்கொண்டே எனக்குக் கீழே போய்க் கையை விரித்து வைத்த தாத்தாவை நினைத்து, நானும் ஓர் எட்டு இறங்கிப் போகிறேன்.