இன்னொரு கன்னம்

தார்நாகாவில் ஆராய்ச்சி வளாகத்து மரங்களுக்கிடையே தினமும் நடப்பார் அந்த அம்மாள், ஓய்வுபெற்ற தாவர விஞ்ஞானி. அங்கே வெட்பாலையும் அதன் நெருங்கிய உறவான இன்னொரு பாலையும் கலந்து நிற்கும். வெட்பாலை இலை வழவழப்பு, மற்றது வெல்வெட்; முற்றிய இலையில் வித்தியாசம் குறைவு. இலையைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார். பிறகு இடப்பக்கம் வெறும் காற்றில், இன்னொரு கன்னத்தின் உயரத்தில் நீட்டுவார்.

"யாருக்கு நீட்டறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கூடப் பொறந்த இரட்டைக்கு. ஒருத்தி செடியோட பேர் சொன்னா இன்னொருத்தி பார்த்து ஒத்துக்கணும். லேப்ல எங்க வழக்கம் அது. போன வருஷம் போயிட்டா."

கையிலிருந்த முற்றிய இலையைத் தேய்த்து, "வெட்பாலை" என்றார். நீட்டினார். காத்திருந்தார். முகம் மாறியது.

"இல்லைங்கறா."

நான் அண்ணாந்து பார்த்தேன். வெட்பாலையின் இரட்டைக் காய்கள் நுனியில் மட்டுமே தொட்டுக்கொள்ளும். அந்தக் கிளையில் ஒவ்வொரு ஜோடியும், மற்ற பாலையில் போல, நீளநெடுக ஒட்டி, ஒரே காயாகத் தொங்கியது.

அவர் மேலே பார்க்கவேயில்லை.