நான் முடிக்காத பத்தியம்

பழங்காநத்தத்தில் ஒரு செருப்புக் கடையில்தான் முதலில் தெரிந்தது. என் மகள் யாழினி ஆறாம் வகுப்புக்குப் போகவிருந்தாள். கடைக்காரர் அவள் காலை அளந்துவிட்டு, "போன வருசமும் இதே நம்பர்தான்க்கா குடுத்தேன். என்ன பாப்பா, காலு வளர மறந்துருச்சா?" என்று சிரித்தார். அதற்கு முந்தைய வருடமும் அதே எண் என்பது எனக்குத்தான் தெரியும்.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் காட்டினேன். அவர் குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரிடம் அனுப்பினார். இரத்தப் பரிசோதனைகள், இடது கையில் ஒரு எக்ஸ்ரே. கை எலும்புகளை வைத்து எலும்பு வயதை (உடம்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை) கணிப்பார்களாம். யாழினிக்குப் பதினொன்று. அவள் எலும்புக்கு ஒன்பது.

வளர்ச்சி ஹார்மோன் குறைவு, தினமும் ஊசி என்று சொல்வார்கள் என நினைத்துப் போயிருந்தேன். உண்மையில், அப்படிச் சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் இருந்தது. அப்படியென்றால் குற்றம் யாருடையதும் இல்லை. மருத்துவர் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார்.

ஏழு வயதில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அழகர்கோவில் சாலையில் ஒரு நாட்டு வைத்தியர் மருந்து கொடுத்து, எண்ணெய், கறி, முட்டை, பருப்பு இல்லாமல் ஒரு மாதம் பத்தியம் சொன்னார். மாதம் முடிந்ததும் எல்லாம் சாப்பிடலாம் என்று அவரே சொன்னார். நான்தான் முடிக்கவில்லை. என் தம்பி பத்தொன்பது வயதில் காமாலையில் போனவன். தேறி வந்தவன் ஒரு கிடாவெட்டில் கறி தின்றதால்தான் மறுபடி படுத்தான் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. கல்லூரியில் விலங்கியல் படித்த நான் அதை ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

ஒரு மாதம் நான்கு வருடமானது. சோறு, ரசம், மோர், சுரைக்காய். பருப்பில் மேலாகத் தெளிந்த தண்ணீர் மட்டும். சத்துணவில் முட்டை வைக்க வேண்டாம் என்று டீச்சருக்குக் கடிதமே கொடுத்தேன். கணவர் சண்டை போட்டபோது, அவளுக்கு ஏதாவது ஆனால் நீங்கள் பொறுப்பா என்று கேட்டு வாயை அடைத்தேன்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "ஊசி போட்டா வளந்துருவாளா டாக்டர்?" என்றேன்.

"ஊசி எதுக்கும்மா? ஹார்மோன் அவகிட்ட நெறையவே இருக்கு. அது வளரச் சொல்லுது, கல்லீரல்தான் கேக்க மாட்டேங்குது. புரதம் கெடைச்சாத்தான அது வேலை பாக்கும்?"

பிட்யூட்டரி (மூளையின் அடியில் உள்ள சிறு சுரப்பி) வளர்ச்சி ஹார்மோனை அனுப்ப, கல்லீரல் ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனைச் செய்கிறது. எலும்பை நீள வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. உணவில் நெடுநாள் புரதம் குறைந்தால் கல்லீரல் அதைக் குறைத்துவிடும். உயிரோடிருப்பதுதான் உடம்புக்கு முதல் வேலை, வளர்வது அப்புறம். எந்தக் கல்லீரலைக் காப்பாற்றுவதாக நினைத்தேனோ, அதன் கையைத்தான் கட்டிப் போட்டிருந்தேன்.

அன்று மாலையே முட்டை அவித்தேன். யாழினி தொடவில்லை. "இதத் தின்னா மாமா மாதிரி ஆயிருவேனாம்மா?" என்றாள். அவள் அப்பாதான் பாதியைத் தின்று காட்டி, மீதியைத் தின்ன வைத்தார்.

மறுநாள் காலை அவள் இமையைக் கீழே இழுத்து, கண் மஞ்சளாகியிருக்கிறதா என்று பார்த்தேன். அடுத்த நாளும் பார்த்தேன். ஒரு வாரம் கழித்து அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்புட்டும் வெள்ளையாத்தான்மா இருக்கு. நானே கண்ணாடில பாத்துட்டேன்." என் பயம் அவளுக்குள் குடிபோயிருந்தது.

இதைப் படிக்கும் பெற்றோர், பத்தியம் என்று தொடங்கினால் அது முடியும் நாளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதறிப்போய்ப் புரத மாவு டப்பாக்களை வாங்கிக் கொட்டாதீர்கள். நான் வாங்கியதை மருத்துவர் ஓரங்கட்டிவிட்டு, எங்கள் மகளுக்குப் பருப்பு, பால், முட்டை, மீன், கடலை போதும் என்றார்.

ஆறு மாதத்தில் ஐ.ஜி.எஃப்-1 ஏறியது. நான்கு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தாள். போன வருடங்கள் திரும்புமா என்று கேட்டேன். எலும்பு வயது பின்தங்கியிருப்பதால் இன்னும் அவகாசம் இருக்கிறது என்றார். ஆனால் வயதுக்கு வந்தபின் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீளும் நுனிப் பகுதிகள்) மெல்ல மூடிவிடும். எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது.

போன வாரம் அலுவலகத்தில் தோழி ஒருத்தி மகளின் சடங்குக்குப் பத்திரிகை வைத்தாள். யாழினி வயதுதான். "அடுத்து உங்க வீட்டு விசேசந்தான்க்கா" என்றாள். மெதுவாக வரட்டும் என்றேன். நான்கு வருடம் மகளை வளரவிடாமல் நிறுத்தி வைத்தவள், இப்போது அவள் உடம்பிடம் இன்னும் கொஞ்சம் பொறு என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.