ஹைட்ரஜன் இல்லாத இடம்

எங்கள் ஆய்வு மையத்தில் அவளைக் குமிழியக்கா என்றுதான் கூப்பிடுவோம். கோபித்துக்கொள்ள மாட்டாள். "என் பொண்ணே அப்படித்தான் கூப்பிடறா, உங்கள என்ன சொல்ல?" என்று பக்கத்து மேசைக்காரனான என்னிடம் சிரிப்பாள்.

ஒரு பெரிய நட்சத்திரம். அதைச் சுற்றி நெபுலா என்னும் ஒளிரும் மேகம். அதையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஹைட்ரஜன் வாயு. அந்த வாயு அனுப்பும் ரேடியோ அலைகளைச் சேர்த்து அக்கா வரைபடம் போட்டாள். நடுவில் கறுப்பாக ஓர் ஓட்டை விழுந்தது. நட்சத்திரத்திலிருந்து வீசும் காற்று வாயுவை ஊதித் தள்ளி உண்டாக்கிய குமிழி என்றாள். நெபுலா படத்தையும் வாயுப் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்த போஸ்டர் நடைவழியில் தொங்கியது. மேதாவிகள் நாங்கள் அத்தனை பேரும் தினமும் அதைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போனோம்.

அந்தக் குமிழியை நம்பித்தான் நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். கிடைத்தால், வேறு ஊரில் தையல் கடை வைத்திருக்கும் கணவரும் மகளும் இங்கேயே வந்துவிடலாம். கிடைக்காவிட்டால் இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது.

நேர்காணலன்று காலை, மூன்று ஸ்லைடுக்கு மேல் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இடம் போதாமல் இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள். ஓட்டையின் விளிம்பும் நெபுலாவின் விளிம்பும் அச்சு அசலாகப் பொருந்தின.

"இங்க கொஞ்சம் வாங்க" என்றாள். குரலே சரியில்லை.

எழுந்து போய்ப் பார்த்தேன். அங்கே ஓட்டையே இல்லை. நெபுலாவுக்கு முன்னால் வாயு நிற்கிறது. பின்னாலிருக்கும் நெபுலாவே அனுப்பும் பலமான ரேடியோ அலையை அது விழுங்குவதால் வரைபடத்தில் கறுப்பாகத் தெரிகிறது. பாடத்தில் எடுத்த எடுப்பிலேயே சொல்லித்தரும் எச்சரிக்கைதான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது, எங்கள் எல்லோருக்கும்.

வாயுவின் வேகவாரியாகப் படத்தைப் பிரித்துப் பார்த்தாள். குமிழி விரிகிறதென்றால் ஓட்டை வேகத்துக்கு வேகம் பெரிதும் சிறிதுமாக மாற வேண்டும். இம்மி கூட மாறவில்லை. "ஏதாவது இருக்கும், ஏதாவது இருக்கும்" என்று மறுபடி மறுபடி பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கணவர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

"சாமானெல்லாம் வண்டில ஏத்தியாச்சு. கடைச் சாவியயும் குடுத்துட்டேன். உன்ன அசத்தலாம்னுதான் சொல்லல. உனக்குக் கிடைக்காம வேற யாருக்குக் கிடைக்கப் போவுது?"

"உள்ள கூப்பிடறாங்க" என்று வைத்துவிட்டாள்.

"அக்கா, பழைய ஸ்லைடையே காட்டுங்க. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"மனசாரத்தான் சொல்றீங்களா?"

நான் என் மேசைக்குத் திரும்பிப் போனேன்.

ஒன்றின்மேல் ஒன்று வைத்த படத்தையே காட்டி, "குமிழி இல்ல, நான் பார்த்தது தப்பு" என்றாளாம். தேர்வுக் குழுத் தலைவர் அவளுடைய நேர்மையை வாயாரப் புகழ்ந்து, கைகுலுக்கி வெளியே அனுப்பிவிட்டார்.

வந்ததும் போனை எடுத்தாள்.

"ஏங்க, சாமான இறக்கிடுங்க."

மறுமுனையில் வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"எங்க இறக்கறது?" என்றார் அவர். "வீட்டயும்தான் காலி பண்ணிட்டோமே."