ஜெயந்தி அக்காவின் டெப்பில் இன்னும் பனி விழவில்லை

ஜெயந்தி அக்கா போய்விட்டார்.

காலையில் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய மகள் போனில் கோல் எடுத்தாள்... ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்றுதானே சொன்னார்கள்! இன்னும் நம்ப முடியவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் வேலை செய்யும் டைல்ஸ் கடையில் பில் போடுபவர் அக்கா. நான் ஸ்டோர்.

கடையின் பின்கதவைத் திறந்தால் வாவி. மத்தியானம் அங்கேதான் இரண்டு பேரும் சோற்றுப் பார்சலைப் பிரிப்போம். சாப்பிட்டு முடிந்ததும் நான் போனில் சுடுகிற கேமைத் திறந்து துவக்கைத் தூக்குவேன், அக்கா டெப்லட்டில் மண்வெட்டியைத் தூக்குவார்.

ஆம், அவர் விளையாடியது விவசாய கேம். கொத்து, விதை போடு, தண்ணீர் ஊற்று, கேமில் இருக்கும் கட்டிலில் படுத்து எழும்பினால் அடுத்த நாள். யாரும் யாரையும் சுட மாட்டார்கள்... இதெல்லாம் ஒரு கேமா என்று நான் கேட்காத நாளில்லை.

அதைவிட விளங்காத விஷயம் ஒன்று இருந்தது. அக்காவின் வீடு வெல்லாவெளிப் பக்கம். அங்கே உண்மையான வயலே இருக்கிறது, அவருடைய கணவர் அதிலேயேதான் கிடப்பார்.

“சொந்த வயல் இரிக்கக்குள்ள இதுக்குள்ள என்னத்த அக்கா கொத்துறீங்க?”

“இதில ஆனை வராது மனே.”

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அந்த வருடம் கதிர் முற்றும் நேரத்தில் யானை இறங்கிப் பாதி வயலை மிதித்துவிட்டுப் போயிருந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கேமில் ஒரு மாடும் வைத்திருந்தார். அதற்கு எங்கள் முதலாளியின் பெயர். (முதலாளி இதை வாசித்தால் இன்று ஒருநாள் மன்னித்துவிட வேண்டும்.)

ஒருநாள் கேமில் இலையெல்லாம் சிவந்து, மழை பிடித்துக்கொண்டது. மழையைக் கண்டால் எங்கள் பக்கத்து ஆளுக்கு வேறு என்ன தோன்றும்? இருந்த விதை முழுவதையும் வாரி விதைத்தார். நானும் பக்கத்தில் குந்திக்கொண்டு, “முன்மாரி விதைப்புக்குச் சரியான மழை” என்று நூறு ஏக்கர் வயல் வைத்திருக்கும் போடியார் மாதிரித் தலையாட்டினேன்.

படுத்து எழும்பினால்... ஸ்கிரீன் முழுக்க வெள்ளை.

“மனே, டெப் பழுதாப் போயித்து. இஞ்ச பாரு.”

நான் சேர்ட்டால் துடைத்துப் பார்த்தேன். ரீஸ்டார்ட் கூடச் செய்தேன். பிறகுதான் விளங்கியது, அது பனி! அந்த ஊரில் அந்த மழைக்குப் பின்னால் வருவது பனிக்காலம். போட்ட பயிர் ஒன்றும் மிஞ்சாது.

ஐப்பசி மழையை நம்பி விதைத்துப் பனியில் அழிந்த முதல் மட்டக்களப்பார் நாங்கள்தான் போலிருக்கிறது. அன்றைக்கு அக்காவுக்குப் புரையேறும்வரை சிரிப்பு.

போன மாதம் ஆசுப்பத்திரிக்குப் போகுமுன் டெப்பை என் கையில் தந்தார்.

“தண்ணி ஊத்தி விடு. மாட்டப் பட்டினி போட்டிராத.”

“நானா? இந்தக் கேமா?”

“வேற ஆரிட்டக் குடுக்கிற?”

முதல் நாள் கடமைக்கு ஊற்றினேன். பிறகு பூசணிக் கொடியில் இன்னொரு இலை விட்டிருக்கிறதா என்று பார்க்கும் ஆசை வந்தது... விடியற்காலை சுபஹு தொழுத கையோடு டெப்பைத் திறக்கும் ஆளாகிவிட்டேன். துவக்கு கேமின் ஞாபகமே வரவில்லை.

“எங்க உங்கட துவக்கெல்லாம்? இப்ப கத்தரிக்குத் தண்ணி ஊத்துறீங்களா?” என்று வீட்டில் ஒரே நையாண்டி.

அப்படி என்னதான் இருக்கிறது இதில்? வெல்லவும் ஆளில்லை, தோற்கவும் ஆளில்லை. நேற்றுப் போட்டது இன்று முளைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு ஏன் எனக்கு இவ்வளவு சந்தோஷம்? அக்கா திரும்பி வந்ததும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் கோல் எடுத்தார். தன் உடம்பு வருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“இப்ப அங்க என்ன காலம்?”

“இலை சிவந்திட்டு அக்கா. மழை.”

“அப்ப விதைச்சுப் போடு.”

“பனி வரும் அக்கா! பழைய கூத்து மறந்து போச்சா?”

“தெரியும் மனே. இந்தக் காலத்தில வெறுங் காணியப் பாத்துக்கொண்டு என்னால இரிக்க ஏலாது. நீ விதை. நான் வந்து பாக்கன்.”

விதைத்தேன். பனியில் போகப்போகிற விதையை, ஒரு மூலை விடாமல்... நேற்று வரை அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கேமில் மழைக்காலத்தின் கடைசி நாள். கட்டிலில் ஏறிப் படுத்தால் விடியும்போது பனி. படுக்காமல் மூடி வைத்தால் நாள் அப்படியே நிற்கும்.

காலையில் போனை வைக்குமுன் மகள் கேட்டாள், “அம்மாட டெப் உங்களிட்டயா அண்ணன்? அதில அம்மா என்ன செய்யிறவ எண்டு பாக்கணும் போல இரிக்கி.”

பின்னேரம் வெல்லாவெளிக்குப் போகிறேன். அவளுடைய கையில் கொடுத்து, எந்தப் பட்டன் எதற்கென்று காட்டிவிட்டு வர வேண்டும். கட்டில் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் இன்றைக்குக் காட்ட மாட்டேன்.

அக்கா, சொன்னபடி விதைச்சிட்டன். மழை நல்லாப் பெய்யுது. முதலாளிக்கும் புல் போட்டிருக்கு.

போயிட்டு வாங்க.