முறிந்த ஓலைக்கு உண்மை நகல்

மக்களே, நீங்கள் இரண்டு பேரும் காலேஜில் சரித்திரம் படிக்கிறீர்கள். அச்சில் வந்த வரியைக்கூட அப்பா ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறார் என்று கேட்டீர்கள். அதற்காக இதை எழுதுகிறேன்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாக இருந்த காலம். தக்கலையில் ரிக்கார்டு ரூமில் நான் நகல் குமாஸ்தா. தோவாளைப் பக்கம் மலையிலிருந்து இறங்கும் ஓர் ஓடையின் மடை யாருக்கு என்று நம் ராஜ்யத்துக்கும், திருநெல்வேலியை வைத்திருந்த மதராஸ் ராஜ்யத்துக்கும் வழக்கு. மகாராஜாவும் வெள்ளைக்காரக் கும்பினியும் செய்த பழைய உடன்படிக்கைக்கு உண்மை நகல் கேட்டு மேலிடத்து உத்தரவு வந்தது.

உடன்படிக்கை ஓலையில் இருந்தது. கோவையிலைச் சாறும் கரியும் தடவி எழுத்தைத் தெளிய வைத்து வாசித்தேன். "ஓடையின் மடை" என்ற இடத்தில் ஓலை முறிந்திருந்தது. மீதித் துண்டு ஓலைக்கட்டில் இல்லை. எங்கள் அலமாரியில் ஒரு துரை எழுதிய சிவப்பு அட்டைச் சரித்திரப் புத்தகம் உண்டு. அதில் வரி முழுசாக இருந்தது: மடை மகாராஜாவுக்கு.

முறிந்த இடத்தில் வெற்றிடம் விட்டு, "இங்கே ஓலை முறிவு" என்று எழுதுவது நகல்காரர் வழக்கம். அப்படியே எழுதினேன். சூப்பரிண்டு பார்த்தார்.

"என்னவேய் இது, பல்லு போன வாய் மாதிரி? புக்குல இருக்குல்லா, எடுத்து அடைச்சு விடும்."

"நகல் ஓலைக்குல்லா சார்."

"ஓலை முறியதுக்கு முன்னாடி தொரை பாத்திருப்பாரு வேய்."

"பாத்திருக்கலாம் சார். மத்த வரிக்கெல்லாம் அடியில ஓலைக்கட்டு நம்பர் போட்டிருக்காரு. இதுக்கு மட்டும் இல்ல. யாரு சொல்லிக் கேட்டாரோ."

"அப்போ நமக்குத் தண்ணி வேண்டாம்னு எழுதிக் குடுக்கேராக்கும். மேல கேட்டா உம்ம பேரத்தான் சொல்லுவேன்."

அந்த மடைத் தண்ணீரில்தான் உங்கள் மாமாவின் வயல் விளைந்தது. விஷயம் தெரிந்து அன்று ராத்திரியே அவனும் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"அத்தான், ஒரே ஒரு வரி. நீங்களா உண்டாக்குனதா? அச்சடிச்சதுதானே. பெறவு என்ன பயம்?"

"அந்தப் பக்கத்துக்காரன் ஓலையக் காட்டும்பான் மக்கா. இது இல்லைன்னு கண்டா, இருக்கப்பட்ட மத்த வரியையும் நம்ப மாட்டான்."

"நாத்து காஞ்சா உங்க நகலையா திங்கது?"

அவன் போனபிறகு படுத்துக்கொண்டு யோசித்தேன். துரை உண்மையிலேயே பார்த்திருந்தால்? நான்தான் தண்ணீரை விட்டுக் கொடுக்கிறேனோ? மறுநாள் வெற்றிடத்தோடு கையெழுத்துப் போட்டேன். நான் கண்டதற்குத்தானே என்னால் கையெழுத்துப் போட முடியும்.

அப்புறம் தபால் பை அவிழும்போதெல்லாம் மேலிடத்துக் கடிதம் உண்டா என்று முதலில் தேடுவேன். மாமா நம் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. பதிலும் வரவில்லை. ஐம்பத்தாறில் ராஜ்யங்களின் எல்லையைத் திருத்தியபோது தோவாளையோடு நம் தாலுகாக்கள் மதராஸில் சேர்ந்தன. ஓடைக்கு இரண்டு பக்கமும் ஒரே ராஜ்யம். வழக்கே இல்லாமல் போயிற்று. என் நகலை யாராவது படித்தார்களா என்று இன்றுவரை தெரியாது.

ஒரு புத்தகத்தை எடுத்தால், எழுதினவர் கையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். கண்டது எது, கேட்டது எது, இட்டு நிரப்பியது எது என்று பிரித்துப் பாருங்கள். நமக்குச் சாதகமான வரியை இன்னொரு தடவை பாருங்கள்.

சூப்பரிண்டு திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகிப் போன பிறகு, ரூமில் ஆளில்லாத ஒரு மத்தியானம் அந்தச் சிவப்புப் புத்தகத்தை இறக்கினேன். அந்த வரியின் ஓரத்தில், "நான் பார்த்தபோது ஓலையில் இது இல்லை" என்று எழுதினேன். பென்சிலால்தான் எழுதினேன். மீதித் துண்டு என்றாவது அகப்பட்டால், கண்டெடுத்தவர் அழித்துக்கொள்ளட்டும்.